"அப்டேட் போட்டு ஆட்டத்தையே கெடுத்துட்டாய்ங்க!" – ஆன்லைன் ஆர்பிஜி ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செல்லூர், வில்லாபுரம், திருமங்கலம், மேலூர் என்று மதுரையைச் சுற்றியுள்ள கில்டு (சேர்ந்து ஆடும் கூட்டணி) வாட்ஸாப் குழுக்களில், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் கிளம்புகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஆர்பிஜி என்பது ஒரு கேரக்டரை எடுத்துச் சண்டை போட்டு வளர்க்கும் ஆட்டம். இந்தப் பதில்கள் ஏதோ ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எழுதியவை இல்லை. போனில் ஆடினாலும் பிசியில் ஆடினாலும் பெரும்பாலும் பொருந்தும்.

நெர்ஃப், பஃப், ஹாட்ஃபிக்ஸ், ரோல்பேக்னு என்னென்னமோ சொல்றாய்ங்க. அதெல்லாம் என்னண்ணே?

ஒரு ஸ்கில்லின், ஆயுதத்தின், கேரக்டரின் பலத்தைக் குறைத்தால் நெர்ஃப். கூட்டினால் பஃப். ஆட்டத்துக்குள் கொஞ்ச நேரம் பலம் கூட்டும் சக்திக்கும் பஃப் என்றே பெயர். டவுன்லோடு செய்து போடுவது பேட்ச். அதில் என்னென்ன மாறியது என்ற பட்டியல் பேட்ச் நோட்ஸ். டவுன்லோடு எதுவும் இல்லாமல் சர்வர் பக்கத்திலேயே எண்களை மாற்றிவிட்டால் அது ஹாட்ஃபிக்ஸ். "நான் ஒண்ணும் அப்டேட் பண்ணலையே, எப்படி மாறுச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ரோல்பேக் என்ற சொல்லில்தான் குழப்பம். பிடிக்காத மாற்றத்தைத் திரும்பப் பெறுவதையும் அப்படிச் சொல்கிறார்கள். சர்வரையே நேற்றைய நிலைக்குப் பின்னோக்கி இழுப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டாவது நடந்தால் நேற்று ராத்திரி கிடைத்த வாளும் போய்விடும். "ரோல்பேக் பண்ணு" என்று கத்துவதற்கு முன்னால் எதைக் கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நல்லாத்தான ஓடிக்கிட்டு இருந்துச்சு? எதுக்கு நோண்டுறாய்ங்க?

முதல் காரணம் பணவீக்கம். அரக்கனைக் கொன்றால் காசு வருகிறது, குவெஸ்ட் (ஆட்டம் தரும் வேலை) முடித்தால் காசு வருகிறது. இது வரத்துக்கால். ஆயுதம் பழுது பார்க்கும் செலவு, விற்பனை வரி, மேம்படுத்தும் கட்டணம் ஆகியவை மடை. வரத்துக்கால் பெரிதாகவும் மடை சின்னதாகவும் இருக்கிற கண்மாய் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் 500 தங்கத்துக்கு விற்ற பொருள் 50,000 ஆகிவிடும், புதிதாக வருபவன் எதையும் வாங்க முடியாது. அப்போது நிறுவனம் வரத்தை அடைக்கும். பழைய ஆட்களுக்கு அதுதான் "கெடுத்துட்டாய்ங்க".

இரண்டாவது, ஒரே கிளாஸ் (வாள்வீரன், வைத்தியன் மாதிரி கேரக்டர் வகை) மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது. மூன்றாவது, பாட் (ஆளில்லாமல் தானே ஆடும் புரோகிராம்) ஓட்டி, ஆட்டத்துத் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கும் கும்பல். ரூன்ஸ்கேப் ஆட்டத்தில் இவர்களைத் தடுக்கத்தான் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் வீரர்கள் தங்களுக்குள் தடையில்லாமல் பண்டம் மாற்றுவதையும், வைல்டர்னஸ் பகுதியில் வீரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் பழைய சண்டையையும் எடுத்தார்கள். நோக்கம் சரிதான், ஆனால் நேர்மையாக ஆடியவனுக்கும் அதே அடி விழுந்தது. 2011 பிப்ரவரி 1-இல் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான்காவது காரணத்தை யாரும் பேட்ச் நோட்ஸில் எழுத மாட்டார்கள்: புதிதாக விற்க இருக்கும் கேரக்டருக்கு இடம் வேண்டும். எல்லா நெர்ஃபும் இதற்காகத்தான் என்று சொல்ல முடியாது. ஒரு நெர்ஃப் வந்த இரண்டு வாரத்துக்குள் அதே வேலையைச் செய்யும் புது ஆள் காசுக்கு வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

பேட்ச் நோட்ஸ்ல 20%னு போட்டிருக்கு. ஆனா எனக்குப் பாதி டேமேஜ் போயிருச்சே, பொய் சொல்றாய்ங்களா?

பெரும்பாலும் பொய் இல்லை, பெருக்கல். ஒரே கேரக்டருக்கு மூன்று வரிகள் இருக்கும்: ஸ்கில் டேமேஜ் 20% குறைப்பு, தாக்கும் வேகம் 20% குறைப்பு, கூட இருக்கும் பஃப்பின் பெருக்கி 20% குறைப்பு. மூன்றும் ஒன்றையொன்று பெருக்குபவை என்றால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது 48.8% காலி. மூன்று வரியும் உண்மை, உங்கள் கணக்கும் உண்மை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உங்களிடம் கூட்டல் வகை போனஸ் மொத்தம் 150% இருக்கிறது என்று வையுங்கள். அடிப்படை 100 என்றால் 250 அடிப்பீர்கள். அதில் 50% தரும் ஒரு பாசிவை (தானாகவே வேலை செய்யும் திறனை) 40% ஆக்கினால் 240 அடிப்பீர்கள். நோட்ஸில் பார்த்தால் "ஐந்தில் ஒரு பங்கு வெட்டு", கையில் இழப்பு 4% மட்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வெட்டு விழுந்தது கூட்டல் கூடையிலா, தனிப் பெருக்கியிலா என்பதை.

இன்னொன்று, அடி எண்ணிக்கை. 100 ரத்தம் உள்ள ஒரு குட்டி அரக்கனை 52 அடியால் இரண்டு வெட்டில் முடித்தீர்கள். இப்போது அடி 49. குறைந்தது 6% கூட இல்லை. ஆனால் மூன்றாவது வெட்டு தேவைப்படுகிறது, நேரம் 50% கூடிவிட்டது. "6%க்கு இவ்வளவு கூப்பாடா?" என்று வெளியே இருப்பவன் கேட்பான். அவன் அந்த மூன்றாவது வெட்டை வெட்டிப் பார்க்கவில்லை.

டிராப் ரேட்டை யாருக்கும் தெரியாம குறைச்சுட்டாய்ங்க. நூறு ரன் அடிச்சும் ஒண்ணும் விழல. எப்படி நிரூபிக்கிறது?

டிராப் ரேட் என்பது ஒரு பொருள் விழும் வாய்ப்பு, ரன் என்பது அதற்காக ஆடும் ஒரு சுற்று. நூறு ரன் எதையும் நிரூபிக்காது. டிராப் ரேட் 1% என்றால் நூறு ரன்னில் கட்டாயம் ஒன்று விழும் என்று பலர் நினைக்கிறார்கள். 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் 0.366 வரும். அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு ரன் அடித்தால் 36, 37 பேர் வெறுங்கையோடுதான் வருவார்கள், எந்த மாற்றமும் இல்லாமலே.

ஒரு பொருள் கிடைக்க 90% வாய்ப்பு வேண்டுமானால் 1% ரேட்டில் 230 ரன் தேவை. ரேட்டைப் பாதியாக்கி 0.5% ஆக்கினால் 460 ரன். ரகசியமாகக் குறைத்ததைப் பிடிக்க ஒரு எளிய அளவு உண்டு: 300 ரன்னில் ஒன்றுகூட விழவில்லை என்றால், ரேட் உண்மையிலேயே 1% ஆக இருக்கும்போது இப்படி நடக்க வாய்ப்பு 5%-க்குச் சற்றுக் கீழே. அதுவும் ஒரே ஆளின் 300 என்றால் போதாது, துரதிர்ஷ்டசாலி முதலில் வாய் திறப்பான். கில்டில் பத்துப் பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு 100 ரன் அடித்து, விழுந்தவன் விழாதவன் எல்லோரும் ஷீட்டில் ஏற்றினால் அது ஆதாரம். 1% ரேட்டில் அந்த 1,000 ரன்னுக்குப் பத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டு மூன்றுதான் வந்தது என்றால் பேசலாம்.

அப்டேட் வந்ததுல இருந்து செம லேக். இதுவும் அவய்ங்க வேலைதான?

லேக் என்றால் ஆட்டம் திக்குவது, தாமதமாவது. அதில் மூன்று விதம் உண்டு. படம் திக்கித் திக்கி ஓடினால் உங்கள் போன் அல்லது கிராஃபிக்ஸ் கார்டு. அப்டேட்டுக்குப் பிறகு கிராஃபிக்ஸ் செட்டிங் தானாக மேலே ஏறியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். படம் சீராக ஓடி, ஆட்கள் ரப்பர் மாதிரி முன்னும் பின்னும் இழுபட்டால் நெட். பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) சரியாக இருந்து, ஸ்கில் அழுத்தி ஒரு நொடி கழித்து வேலை செய்தால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அப்படி ஆனால், அது சர்வர்.

பிங்குக்கு ஒரு அடிமட்டம் இருக்கிறது. பல ஆட்டங்களின் ஆசிய சர்வர் சிங்கப்பூரில். மதுரையிலிருந்து சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரவே 37 மில்லிநொடி. அதற்குக் கீழே யாராலும் தர முடியாது. 60, 70 என்றால் நல்ல பிங். தினமும் 70 வந்த இடத்தில் 180 வந்தால்தான் விசாரிக்க வேண்டும். பிசியில் ட்ரேஸ்ரூட் (தகவல் போகும் வழியை வரிவரியாகக் காட்டும் கட்டளை) ஓட்டி எந்த இடத்தில் எண் தாவி, கடைசி வரை குறையாமல் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது மூன்றாவது வரியிலேயே தாவினால் உங்கள் நெட் கம்பெனி, கடைசி வரிகளில் தாவினால் ஆட்டத்துக்காரர்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்துக் கூட்டத்தில் நின்று போன் நெட்டில் அளந்த பிங்கை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நாம கத்துனா கம்பெனிக்காரய்ங்க கேப்பாய்ங்களா?

கேட்டிருக்கிறார்கள், பல தடவை. 2011 ஜூனில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் கேரக்டருக்குப் போடும் ஒற்றைக்கண் கண்ணாடியை அறுபது டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். கூடவே நிறுவனத்துக்குள் சுற்றிய ஒரு உள்பத்திரிகையும் வெளியே கசிந்தது. வீரர்கள் ஜிட்டா என்ற சந்தைப் பகுதியில் கூடி, உடைக்கவே முடியாத ஒரு நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சந்தாவையும் ரத்து செய்தார்கள். நிறுவனம் வீரர்களின் தேர்ந்தெடுத்த குழுவை ஐஸ்லாந்துக்கு வரவழைத்துப் பேசியது. அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

ரூன்ஸ்கேப்பில் 2012 நவம்பர் 20-இல் சண்டை முறையையே மாற்றினார்கள். கிளம்பிய எதிர்ப்பில் 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, அதே மாதம் 22-ஆம் தேதி 2007-ஆம் வருடத்துப் பதிப்பைத் தனி ஆட்டமாகத் திறந்தார்கள். அங்கே புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமானால் வாக்களிப்பவர்களில் 75% பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள், பிற்பாடு அதை 70% ஆக்கினார்கள். டயாப்லோ 4-இல் 2023 ஜூலை 18 பேட்ச் ஏறக்குறைய எல்லோரையும் வெட்டியது. அதே வாரத்தில் நேரலையில் வந்து இப்படி ஒரு பேட்ச் இனிப் போட மாட்டோம் என்றார்கள். ஆகஸ்ட் 8-இல் அடுத்த பேட்ச் பலவற்றைத் திருப்பித் தந்தது. கென்ஷின் ஆட்டத்தில் ஜோங்லி என்ற கேரக்டரை 2020 டிசம்பரில் காசு போட்டு எடுத்தவர்கள் பலம் போதவில்லை என்று கொதித்தார்கள், 2021 பிப்ரவரியில் 1.3 பதிப்பில் பஃப் வந்தது.

இவற்றில் வசவுக்குப் பயந்து இறங்கி வந்ததாக எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. வருமானம் சரியும் என்ற பயமும், குறை இன்னது என்று தெளிவாகத் தெரிவதும் சேர்ந்தால்தான் நகர்வார்கள் என்பது எங்கள் கணிப்பு. ஊழியரின் பெயரைத் தேடிப் பிடித்துத் திட்டினால் நடக்கிற ஒரே காரியம், அடுத்த முறை வெளியே வந்து பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசி வரைக்கும் கேக்காம விட்டதும் இருக்கா?

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆட்டம். 2005 நவம்பரில் 34 தொழில்களாக இருந்ததை 9 ஆக்கி, சண்டையையும் அடியோடு மாற்றினார்கள். மாதக்கணக்கில் வளர்த்த தொழில் ஒரே நாளில் இல்லாமல் போனது. கொடுமை என்னவென்றால் அதே மாதத் தொடக்கத்தில்தான் காசுக்கு ஒரு விரிவாக்கத்தை விற்றிருந்தார்கள். அதற்குப் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. மாற்றத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. ஆட்டம் 2011 டிசம்பர் 15-இல் மூடப்பட்டது.

சரி, புகாரை எப்படி எழுதுனா படிப்பாய்ங்க?

ஒரு புகாரில் ஒரே விஷயம். பதிப்பு எண், சர்வர், கேரக்டரின் லெவல், ஆயுதம் ஆகியவை முதல் இரண்டு வரியில். பிறகு முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று ஒரே இடத்தில், ஒரே அரக்கனிடம், ஒரே பஃப்போடு அளந்த எண்கள். பத்துத் தடவை அடித்துச் சராசரி எடுங்கள், ஒரே அடியை எடுத்தால் கிரிட் (எப்போதாவது விழும் பெரிய அடி) விழுந்து கணக்கு கெடும். முப்பது நொடி வீடியோ இருந்தால் போதும், பத்து நிமிட வீடியோவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"ஹீலர் கிளாஸை நாசம் பண்ணிட்டீங்க" என்பது அவர்களுக்கு உதவாது. "முன்பு நான்கு பேரின் ரத்தத்தை 6 நொடியில் நிரப்பினேன், இப்போது 9 நொடி, பாஸ் அரக்கனின் பெரிய அடி 8 நொடிக்கு ஒரு தடவை விழுகிறது, அதனால் காப்பாற்றவே முடியவில்லை" என்பது உதவும். தீர்வு சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை. வீரர்கள் சொல்லும் வலி அநேகமாகச் சரியாக இருக்கும், சொல்லும் மருந்து அநேகமாகத் தப்பாக இருக்கும். தமிழில் எழுதினால் பல நிறுவனங்களில் மெஷின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் போகும், ஆகவே வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "வச்சு செஞ்சுட்டாய்ங்க" அங்கே என்னவாகப் போய்ச் சேரும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

மொத்தமா ஒன் ஸ்டார் போட்டு இறக்கிருவோமா?

வேலை செய்த சமயம் உண்டு. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2-இல் (இது சுடும் ஆட்டம், ஆர்பிஜி இல்லை) பிசி வீரர்களும் பிளேஸ்டேஷன் கணக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகள் ஏராளம். ஸ்டீம் என்ற பிசி ஆட்டக் கடையில் லட்சக்கணக்கில் எதிர்மறை விமர்சனம் குவிந்தது, சில நாளிலேயே கைவிட்டார்கள்.

அங்கே விமர்சனம் ஆட்டத்தைப் பற்றியதாக இருந்தது, காரணமும் ஒரே வரியில் புரிந்தது. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கோபம் என்று பட்டால் அந்தக் காலத்து விமர்சனங்களை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் ஒதுக்கும் வழக்கத்தை ஸ்டீம் 2019-இலேயே கொண்டுவந்துவிட்டது. "தூ" என்று ஒரு எழுத்து போடுவதற்குப் பதில், முந்தைய பதிலில் சொன்ன மாதிரி நான்கு வரி எழுதினால் நிற்கும்.

காசு போட்டு வாங்கின கேரக்டரை வெட்டிட்டாய்ங்க. பணம் திரும்பக் கிடைக்குமா?

வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயில் நேரடியாகக் கேட்கலாம். அதற்குப் பிறகு ஆட்டத்தை உருவாக்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஐபோன் என்றால் ஆப்பிளின் புகார்ப் பக்கத்தில் ரசீதைத் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும். ஸ்டீமில் ஆட்டம் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருவார்கள். ஆட்டத்துக்குள்ளே வாங்கியதற்கு அந்த விதி அப்படியே பொருந்தாது, உருவாக்கியவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வைரமோ கிரிஸ்டலோ ஆட்டத்துக்குள் செலவாகிவிட்டால் எங்கேயும் கஷ்டம்.

பேங்கில் சொல்லிப் பணத்தைப் பின்வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பணம் வரலாம், கணக்கு போய்விடும். பெரும்பாலான ஆட்டங்களில் கணக்கைப் பூட்டி, அந்தத் தொகையைக் கடனாகக் காட்டுவார்கள். இன்னொன்று, ஆட்டத்துக்குள் உள்ள அஞ்சல் பெட்டியைப் பாருங்கள். இழப்பீடு அங்கேதான் வரும், அதற்குக் காலக்கெடுவும் இருக்கும். கோபத்தில் ஒரு மாதம் உள்ளே போகாமல் இருந்து அதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? மதுரைலயே போடலாமா?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம். ஆக, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு அங்கேயே முடிந்தால் நல்லது.

எதற்காகப் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பணம் எடுத்தார்கள், பொருள் வரவில்லை என்றால் வழக்கு தெளிவு. விளம்பரத்தில் ஒன்று காட்டி விற்றபின் வேறொன்று தந்தார்கள் என்றாலும் பேச இடமுண்டு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் தேதியோடு வேண்டும். "வாங்கின பிறகு நெர்ஃப் பண்ணினார்கள்" என்பது கடினம். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பதற்கு நாம் 'சம்மதம்' அழுத்தியிருக்கிறோம். அந்த ஒப்பந்தமே அநியாயமானது என்று வாதாட வேண்டுமானால் மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு மதுரையில் கிளை அமர்வு இருக்கிறது. 799 ரூபாய் பேக்குக்காக அவ்வளவு தூரம் போவது எங்கள் கணக்கில் கட்டுபடியாகாது.

மாசாமாசம் யூபிஐல காசு போகுது. ஆப்பை அழிச்சும் நிக்கலையே?

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் பகுதிக்குள் போய், சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மெசேஜ் வந்த அன்றே செய்தால் தப்பிக்கலாம்.

வெறுத்துப் போச்சு. ஐடியை வித்துட்டுப் போயிரலாம்னு பாக்குறேன். நல்ல ரேட் வருது.

கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் விதிமீறல். விற்பவனைவிட வாங்குபவனுக்குத்தான் ஆபத்து அதிகம்: முதல் மின்னஞ்சலும் முதல் டாப்-அப் (காசு ஏற்றிய) ரசீதும் யாரிடம் இருக்கிறதோ அவன் நாளைக்கே ஐடியை மீட்டுவிட முடியும். விற்பவனுக்கும் சிக்கல் உண்டு. அதே கூகுள் கணக்கில்தான் போட்டோவும் மெயிலும் இருக்கும், பாஸ்வேர்டோடு அதுவும் போகும். பாதி விலைக்கு டாப்-அப் போட்டுத் தருகிறேன் என்பவர்களும் இதே ரகம்தான். திருட்டு கார்டில் போட்டிருந்தால் பணம் பின்வாங்கப்பட்டு, மேலே சொன்ன கடன் உங்கள் தலையில் வரும்.

பழைய வெர்ஷன் பிரைவேட் சர்வர்ல ஓடுதாம்ல, அங்கிட்டுப் போயிரலாமா?

பிரைவேட் சர்வர் என்றால் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் வேறு யாரோ ஓட்டுவது. அது எந்த நாளும் மூடப்படலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய பதிப்பை ஓட்டிய நாஸ்டால்ரியஸ், நிறுவனத்தின் சட்ட நோட்டீஸ் வந்ததும் 2016 ஏப்ரல் 10-இல் மூடிவிட்டது. அதில் வளர்த்ததெல்லாம் அன்றோடு சரி. ஆனால் பழைய பதிப்பு வேண்டும் என்று குவிந்த கையெழுத்துகள் வீண் போகவில்லை: 2013-இல் பழைய பதிப்பை "நீங்கள் கேட்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம்" என்ற தொனியில் தட்டிக்கழித்த அதே நிறுவனம், 2019 ஆகஸ்டில் கிளாசிக் பதிப்பை வெளியிட்டது.

போயே தீருவேன் என்றால் வேறு மின்னஞ்சல், வேறு பாஸ்வேர்டு வையுங்கள், பைசா கட்டாதீர்கள். வீட்டுக் கணக்கு வழக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் அந்த இன்ஸ்டாலரை ஓட்டாதீர்கள்.

அடுத்த அப்டேட்ல என் கிளாஸை வெட்டப் போறாய்ங்கன்னு லீக் வந்திருக்கு. இப்பவே எல்லாத்தையும் வித்துரவா?

லீக் என்பது பெரும்பாலும் டெஸ்ட் சர்வரில் (சோதித்துப் பார்க்கும் சர்வரில்) இருந்து கசிந்த எண்கள். லைவுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தடவை மாறும். லீக் வந்த ராத்திரி எல்லோரும் ஆட்டத்துக்குள் உள்ள ஏலக்கடையில் கொட்டுவார்கள், விலை பாதியாகும், அப்போது விற்பவனுக்குத்தான் நஷ்டம். விற்க வேண்டுமானால் எந்தக் கிளாஸுக்கும் பயன்படும் பொருளை விட்டுவிட்டு, உங்கள் கிளாஸுக்கு மட்டும் ஆகும் பொருளில் பாதியை விற்றுக்கொள்ளுங்கள். திருப்பி வாங்க முடியாதபடி உங்களோடு பூட்டிய பொருளை உடைக்காதீர்கள்.

மேம்படுத்தும் கற்களை அப்டேட் வந்து இரண்டு வாரம் வரை தொடாதீர்கள். ஹாட்ஃபிக்ஸ் வருவதானால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். பேட்ச் வருவதற்கு முந்தின நாள், பயிற்சி பொம்மையைப் பத்துத் தடவை அடித்து எண்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; வெட்டு விழுந்த பிறகு பழைய எண்ணை எங்கேயும் அளக்க முடியாது.